சுண்ணாம்புப் பொட்டு

தேநீருக்கு நன்றி. சர்க்கரை போடாமல் கொடுத்ததற்கு இன்னொரு நன்றி. விசாரணை என்றாலே எதிரில் உட்காருபவனுக்குத் தெம்பு வேண்டும் என்று கேட்காமலேயே இரண்டு கரண்டி அள்ளிப் போட்டுவிடுகிறார்கள். முன்பொரு தடவை வேறொரு டாக்டருக்காகச் சாட்சி சொல்ல இதே அறைக்கு வந்தேன். அன்று குடித்தது தேநீரா பாகா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

மற்ற இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள், பார்த்திருப்பீர்கள். இருவரும் பெரிய டாக்டர்கள், நல்லவர்கள், என்னை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். நாளைக்கு அவர்களில் ஒருவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் நீங்கள் டாக்டர் இல்லை, ஓய்வுபெற்ற நீதிபதி. ஸ்கேனைப் பார்த்து நாங்கள் எழுதிக் கொடுத்ததும் நோயாளிக்குக் கடைசியில் நடந்ததும் ஒத்துப்போகவில்லை என்றால் மூன்று பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதில் ஒருவர் வெளியாளாக இருக்க வேண்டும் என்பது எங்கள் ஆஸ்பத்திரி விதி. அந்த வெளியாள் நீங்கள். அவர்கள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினீர்கள். அதில் தப்பில்லை. என்னைக் கொண்டுபோய் உங்கள் நீதிமன்றத்தில் உட்கார வைத்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

நீங்கள் எதற்குத் தலையாட்டினீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அவசரம் இருந்தால் சொல்லுங்கள், நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

இறந்துபோனது என் அக்கா. அவளுடைய தலை ஸ்கேனை நான் இரண்டு தடவை பார்த்தேன். இரண்டு தடவையும் மூளையில் இருந்த ஒரு வெள்ளைப் பொட்டைப் பழைய தழும்பு என்று எழுதினேன். அது தழும்பு இல்லை. ஏழு வருடத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. அறுத்தெடுத்து, மருந்தேற்றி, முடி கொட்டி, முடி முளைத்து, முடிந்தது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். அது மூளைக்குப் போய் உட்கார்ந்திருந்தது. இதுவரை உங்களுக்கும் தெரியும்.

தெரியாதது அந்த வெள்ளை. உடம்பில் ஒரு புண் வந்து, ஆறி, செத்துப்போன இடத்தில் நாளாவட்டத்தில் சுண்ணாம்பு படியும். பழைய தண்ணீர்க் குழாயில் உப்பு படிந்து பொருக்குத் தட்டுகிறதே, அந்த மாதிரி. ஸ்கேனில் அது பளீரென்று தெரியும். தலைக்குள் அப்படி ஒரு பொட்டைப் பார்த்தால் நாங்கள் நிம்மதியாக அடுத்த படத்துக்குப் போய்விடுவோம். எப்போதோ வந்த தொற்று, எப்போதோ ஆறிவிட்டது, இனி அதனால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் மூளைக்குப் பரவும் புற்றுகளிலும் சில, மிகச் சில, தங்களுக்குள் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொள்ளும். மார்பில் தொடங்கியதும் செய்யும், நுரையீரல், குடல் என்று வேறு சிலவும் செய்யும். அப்போது பார்வைக்கு அது தழும்பு மாதிரியே இருக்கும். திருடன் போலீஸ் உடுப்பைப் போட்டுக்கொண்டு நிற்பது போல என்று நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. சிரிப்பார்கள், பரீட்சையில் மறந்துவிடுவார்கள்.

ஆகவே உங்கள் குழு என்னை விட்டுவிட்டது. "எப்பேர்ப்பட்டவர் கண்ணுக்கும் தப்பிடும்" என்றார் ஒருவர். அதோடு நிறுத்தியிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். இன்னொருவர் ரொம்ப உருக்கமாகி, "கூடப்பிறந்த பாசம் கண்ணை மறைச்சிடுச்சு" என்றார். நீங்களும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். எனக்கு அது பொறுக்கவில்லை.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். வீட்டையும் நிலையமாகவே நடத்தினார். ஒரு பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்தன. நாக்கு விழவில்லை. அதுவும் விழுந்திருந்தால் நான் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது. பழைய விசில் ஒன்று வைத்திருந்தார், அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படுத்திருப்பார். தண்ணீர் வேண்டுமென்றால் ஊதுவார், புரட்டிப் போட வேண்டுமென்றால் ஊதுவார், சும்மா கோபம் வந்தாலும் ஊதுவார்.

அக்கா நகர நீச்சல் குளத்தில் நீச்சல் சொல்லிக் கொடுத்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அகலமான தோள், ஆண்பிள்ளைச் சிரிப்பு. அப்பா அவளைத் தவளை என்றுதான் கூப்பிடுவார், செல்லமாக இல்லை. அவள் அதையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாள். "தவளைன்னாலும் எனக்கு நாலு காலும் ஓடுது, உங்களுக்கு ரெண்டுதான்" என்பாள். விசில் வீலென்று கத்தும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது முதலில் என் வீட்டில்தான் வைத்துக்கொண்டோம். மகன், டாக்டர், பெரிய வீடு, நியாயம்தானே. ஒரு மாதம்கூட ஓடவில்லை. வீட்டுக்கு வந்த முதல் நர்ஸ் மத்தியானத்துக்குள் போய்விட்டார், குடையைக்கூட எடுத்துக்கொள்ளாமல். அடுத்தவர் அழுதுவிட்டுப் போனார். மூன்றாமவர் திருப்பித் திட்டிவிட்டுப் போனார். அவரை எனக்குப் பிடித்திருந்தது. கடைசியில் கஞ்சிக் கிண்ணம் என் மனைவியின் நெற்றியில் பட்டது. அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து என்னிடம் நிதானமாகச் சொன்னாள்.

"உங்கப்பா இந்த வாசப்படி இறங்கணும், திரும்ப ஏறக் கூடாது. இல்லன்னா நான் இறங்கிடுவேன். யோசிச்சுக்குங்க."

அவள் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. சொன்னால் செய்வாள். அக்கா அப்போதுதான் சிகிச்சை முடிந்து எழுந்திருந்தாள். மார்பை எடுத்த பக்கம் இடது கை வீங்கிக் கிடந்தது. அந்தக் கையால் பாரம் தூக்கவே கூடாது என்று அவளுடைய புற்றுநோய் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அக்கா வந்து பார்த்தாள், அப்பாவைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். குளத்து வேலையை விட்டாள். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. விடாதே என்றும் யாரும் சொல்லவில்லை.

வலது கையாலேயே தூக்கினாள். ஐந்து வருடம் தூக்கினாள். அப்பா அவள் கையால்தான் சாப்பிடுவார், மற்றவர் கை பட்டால் துப்பிவிடுவார் என்று எங்கள் குடும்பத்தில் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. அதை முதலில் சொன்னது யார் என்று யோசித்துப் பார்த்தேன். நான்தான் என்று நினைக்கிறேன்.

முதல் ஸ்கேன். ஒரு காலை வேளையில், அப்பாவின் மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா என் அறைக்கு வந்தாள். டாக்டர் வீட்டு ஆள் என்றால் சீட்டு, வரிசை எதுவும் கிடையாது, நேராக மிஷினில் படுக்க வைத்துவிடுவோம். அது எங்களுக்குள் ஒரு மரியாதை. அதனால் வேறெந்த டாக்டர் கையிலும் அந்தப் படம் போகாது. அன்றைக்கு வரை நான் அதை ஒரு வசதியாக நினைத்ததில்லை.

"டேய் டாக்டர், கொஞ்ச நாளா தலைவலிடா. வலது கையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நேத்து கிளாஸ் நழுவிடுச்சு. அவரு ஊதின ஊதுல தெருவே எட்டிப் பாத்துச்சு."

"வா, ஒரு படம் எடுத்துடலாம்."

"சீக்கிரம் எடு. கஞ்சி நேரத்துக்குள்ள போகணும்."

படம் வந்தது. இடது பக்கம், மூளையின் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் எல்லையில், ஒரு பொட்டு. பளீரென்று இருந்தது. இரத்தத்தோடு வருகிற புற்று தங்குவதற்கு விரும்பும் இடம் அந்த எல்லை. பொட்டைச் சுற்றி மெல்லிய கருமை, நகக்கண்ணில் அழுக்கு இருக்குமே அந்த அளவுக்கு. அது வீக்கம். ஆறிப்போன தழும்பு பொதுவாக வீங்காது. உங்கள் இரண்டு டாக்டர்களும் இன்று அந்தக் கருமையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார்கள். இருந்தது. பெரிதாக்காமலேயே எனக்குத் தெரிந்தது.

இதைத்தான் சொல்ல வந்தேன். என் கண்ணுக்கு எதுவும் தப்பவில்லை.

அப்போது என்ன நினைத்தேன் என்று கேட்பீர்கள். அக்காவை நினைத்தேன் என்றால் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் மரியாதை வரும். இல்லை. மூன்று மாதத்தில் என் மகளின் கல்யாணம். அக்காவுக்குச் சிகிச்சை ஆரம்பித்தால் அவள் படுக்கையில், அப்பா என் வீட்டு வாசலில், மனைவி அவள் அம்மா வீட்டில். சம்பந்தி வீட்டாருக்கு முன்னால் இது எப்படி இருக்கும் என்று எனக்குக் காட்சியாகவே தெரிந்தது, விசில் சத்தத்தோடு. மூன்று மாதம்தானே என்று நினைத்தேன். சின்னப் பொட்டு. சுண்ணாம்பு நிறைந்தது மெதுவாகத்தான் வளரும் என்று எங்கோ படித்ததும் சமயத்தில் ஞாபகம் வந்தது. சமயத்தில் ஞாபகம் வருகிறவை எல்லாமே நமக்கு வேண்டியவையாகத்தான் இருக்கின்றன.

பழைய தழும்பு, சுண்ணாம்பு படிந்தது, மேற்கொண்டு பரிசோதனை வேண்டியதில்லை என்று எழுதினேன். வெளியே வந்து அக்காவிடமும் அதையே சொன்னேன். அவள் என் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போடா, பயமுறுத்திட்டே. மூஞ்சியை அப்படி வச்சுக்கிட்டு வந்தா யாருக்குத்தான் பயம் வராது."

கல்யாணம் நன்றாக நடந்தது. அக்கா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் வந்திருந்த நேரத்துக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ள பக்கத்து வீட்டு ஆளுக்குப் பணம் கொடுத்திருந்தோம். அவர் கையால் அப்பா சாப்பிட்டாரா இல்லையா என்று யாரும் விசாரிக்கவில்லை.

கல்யாணம் முடிந்ததும் சொல்லிவிடலாம் என்றிருந்தேன். உண்மையாகவே இருந்தேன். ஆனால் அந்தச் சமயம் அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதய டாக்டர் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வருஷம் தாங்கறது கஷ்டம், மனசைத் தயார் பண்ணிக்குங்க" என்றார். மனதைத் தயார் செய்தேன். எப்படியும் அப்பா போய்விடுவார், அதன்பின் அக்காவுக்கு எந்தச் சுமையும் இருக்காது, நிம்மதியாகச் சிகிச்சை எடுத்துக்கொள்ளலாம், நானே கூட இருந்து பார்த்துக்கொள்ளலாம். ஒருவரை முதலில் அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கவனிப்பது. வரிசைப்படி பார்த்தால் அதுதான் முறை. யாரிடம் சொன்னாலும் ஒப்புக்கொள்ளும் நியாயம் இது, அப்பா போயிருந்தால்.

அவர் போகவில்லை. மூச்சு சரியாகிவிட்டது. விசில் முன்னைவிடப் பலமாகக் கேட்டது.

இரண்டாவது ஸ்கேனுக்கு அக்கா வந்தது அப்பாவைக் கீழே போட்டுவிட்டதால். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது வலது கை சொல்பேச்சுக் கேட்காமல் விட்டுவிட்டது. அப்பாவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் எனக்குப் போன் போடச் சொல்லி, "உங்க அக்கா என்னைக் கொல்லப் பாக்குறா, நீ ஒரு டாக்டரா இருந்துக்கிட்டு கண்டுக்காம இருக்கே" என்றார். கண்டுகொள்ளாமல் இருந்தது வாஸ்தவம்தான்.

பொட்டு வளர்ந்திருந்தது. முன்பிருந்ததைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சுற்றியிருந்த கருமையும் அகன்றிருந்தது. இனிமேல் தழும்பு என்று சொல்ல முடியாது, தழும்பு வளராது. இந்த இடத்தைத்தான் உங்கள் குழு கவனிக்கவில்லை, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரே படத்தைத் திரையில் இரண்டு விதமான வெளிச்சத்தில் பார்க்கலாம். மூளையைப் பார்க்க ஒரு வெளிச்சம், எலும்பைப் பார்க்க ஒரு வெளிச்சம். மூளை வெளிச்சத்தில் சுண்ணாம்பு கண்ணைப் பறிக்கும், தன் அளவைவிடப் பரந்து தெரியும். எலும்பு வெளிச்சத்தில் அது அடங்கிச் சுருங்கித் தெரியும், சுற்றியுள்ள வீக்கம் தெரியவே தெரியாது. பழைய படத்தோடு ஒப்பிட வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே வெளிச்சத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். முதல் வருட மாணவனுக்கும் இது தெரியும். முதல் படத்தை நான் மூளை வெளிச்சத்தில் அளந்திருந்தேன். இரண்டாவதை எலும்பு வெளிச்சத்தில் அளந்தேன். எடுத்த எடுப்பிலேயே பழைய அளவு வந்துவிடவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, குறைத்துக் கூட்டி, பழைய எண் அப்படியே வரும்வரை உட்கார்ந்திருந்தேன். வந்ததும் மாற்றம் இல்லை என்று எழுதினேன். உங்கள் டாக்டர்கள் இன்று இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எந்த வெளிச்சத்தில் அளந்தது என்று பார்க்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

பூசி மெழுகுவது வேறு, இது வேறு. இதற்குத் தொழில் சுத்தம் வேண்டும்.

அக்கா இந்தத் தடவை வெளியே காத்திருக்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். திரையில் அவளுடைய தலை இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"தம்பி, அது திரும்பி வந்துடுச்சா? எதுவா இருந்தாலும் சொல்லிடு. நான் தாங்குவேன்."

விளையாட்டுக்குக்கூட டாக்டர் என்று கூப்பிடவில்லை, தம்பி என்றாள்.

"இல்லக்கா. அதே பழைய தழும்புதான். அளவுகூட மாறல."

"அப்ப இந்தக் கை ஏன் இப்படிப் பண்ணுது?"

"தூக்கித் தூக்கி நரம்பு அழுந்தியிருக்கு. கொஞ்சம் ஓய்வு குடு."

"ஓய்வா? அதை உங்கப்பாகிட்ட சொல்லு, ஊதியே விரட்டுவாரு." சிரித்தாள். பிறகு கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள். "எதுக்கும் என் பழைய டாக்டரம்மாகிட்ட ஒருதடவை காட்டிடட்டுமா? மனசு கேக்கல."

"நான் ஏற்கனவே அனுப்பிட்டேன்க்கா. அவங்களும் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க."

அனுப்பவில்லை. அந்த அம்மாள் அந்தப் படத்தைப் பார்த்தது அக்கா நினைவு தப்பி வந்த நாளில்தான். இந்த ஒரு பொய் உங்கள் குழுவுக்குத் தெரிய வழியே இல்லை. தெரிந்தவள் ஒருத்தி, அவள் போய்விட்டாள். நான் வாய் கூசாமல் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். கூசியது. ஆனாலும் வந்துவிட்டது.

அவள் உடனே எழுந்திருக்கவில்லை. மருந்துப் பையின் வாரைச் சுருட்டிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா? ஒரே ஒரு மாசம், அப்பாவை நல்ல இல்லமா பாத்து எங்கயாவது விட முடியுமா? நான் ஒரு மாசம் தண்ணில கிடந்துட்டு வந்துடறேன். குளத்துல இன்னும் என் பேரு ஞாபகம் வச்சிருக்காங்க, காலைல வந்து பசங்களுக்குச் சொல்லிக்குடுன்னு கேக்கறாங்க. தண்ணிக்குள்ள போனா இந்தக் கை சரியாயிடும்னு தோணுதுடா."

நான் யோசிப்பதுபோலத் திரையைப் பார்த்தேன். இல்லத்தில் விட்டால் அப்பா ஒரே வாரத்தில் ரகளை செய்து வெளியே வந்துவிடுவார், வந்தால் என் வீட்டுக்குத்தான் கொண்டுவந்து விடுவார்கள். கையெழுத்துப் போடுகிறவன் மகன் அல்லவா.

"அப்பா தாங்க மாட்டாருக்கா. உன் கையைத் தவிர வேற யார் கையாலயும் சாப்பிட மாட்டாரு. பட்டினி கிடந்தே செத்துடுவாரு. அப்புறம் உனக்குத்தான் மனசு கேக்காது."

"அதுவும் சரிதான்" என்றாள். "விடு."

அவள் போன பிறகு அடுத்த நோயாளியின் படத்தைப் பார்த்தேன். வயிற்று ஸ்கேன், கல்லீரலில் ஒரு சின்னக் கட்டி. இரண்டு பேர் ஏற்கனவே பார்த்துத் தவறவிட்டிருந்தார்கள். நான் பிடித்துச் சொன்னேன். அந்த ஆள் இன்றும் நன்றாக இருக்கிறார், பார்க்கிற இடத்திலெல்லாம் கும்பிடுகிறார். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்று என் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை.

அக்கா தப்பியிருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். முதல் படத்தில் ஒற்றைப் பொட்டு. தலையைத் திறக்காமலேயே கதிரை ஒரு புள்ளியில் குவித்துப் பொசுக்கியிருக்கலாம். அப்படிப் பொசுக்கிக்கொண்டு வருடக்கணக்கில் வேலைக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லோரும் இல்லை. அக்கா எந்தக் கணக்கில் வந்திருப்பாளோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருந்தது, அது இப்போது இல்லை.

கடைசியில் நடந்தது கஞ்சி நேரத்தில். அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு வந்து கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்துவிட்டாள். விசில் நிற்கவே இல்லையாம். பொறுக்க முடியாமல் சண்டை போடலாம் என்று கதவைத் தட்டியிருக்கிறார் பக்கத்து வீட்டுக்காரர், அதனால்தான் தெரிந்தது. அப்பா உதவிக்கு ஊதினார் என்று நானும் முதலில் நினைத்தேன். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே போனதும் அப்பா அவரிடம் சொன்னது, "கஞ்சி ஆறுது, அவளை எழுப்பு" என்பதுதான்.

அன்று எடுத்த படத்தில் பொட்டுகள் நிறைய இருந்தன. எண்ணவில்லை. எல்லாவற்றிலும் சுண்ணாம்பு இல்லை, முதலாவதில் மட்டும்தான். புற்றுநோய் டாக்டரம்மா பழைய இரண்டு படங்களையும் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நடைபாதையில் என்னிடம் வந்து, "நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க டாக்டர், இதை யாரும் கண்டுபிடிச்சிருக்க முடியாது" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். யாரும் என்று அவர் சொன்னதில் நானும் அடக்கம். நான் தலையைக் குனிந்துகொண்டேன், அவர் துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் அக்கா ஆறு வாரம் இருந்தாள். இடது மூளை என்பதால் பேச்சு குழறிவிட்டது. என்னைப் பார்த்ததும் முகம் மலரும். தம்பி என்பதற்குப் பதிலாக வேறு ஏதோ ஒரு வார்த்தை வரும். ஒரு நாள் தண்ணீர் என்றாள், கொண்டுபோய்க் கொடுத்தேன், வேண்டாம் என்று தள்ளிவிட்டாள். குடிக்கக் கேட்கவில்லை என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது. அவள் டாக்டரம்மாவிடம், நீங்கள் படத்தைப் பார்த்ததாகத் தம்பி சொன்னானே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். கேட்க முடியவில்லை. நிம்மதி என்ற வார்த்தையை நான் இங்கே பயன்படுத்த மாட்டேன்.

அவ்வளவுதான். என்னை என்ன செய்ய வேண்டுமோ செய்யுங்கள். சட்டம் உங்களுக்குத் தெரியும். நான் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. ஆனால் உங்கள் அறிக்கையின் முடிவில் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்று ஒரு வரி வருகிறது, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், என்னிடம் படித்தவர்கள் ஊரெல்லாம் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். அவர்கள் அதைப் படித்துவிட்டு, பாவம், வாத்தியாருக்கு வயதாகிவிட்டது என்று பேசிக்கொள்ளக் கூடாது. வேண்டுமென்றே செய்தான் என்று எழுதுங்கள். அது பரவாயில்லை.

என்ன கேட்டீர்கள்? அப்பாவா?

இருக்கிறார். நன்றாக இருக்கிறார். அக்கா விழுந்த அன்று சாயங்காலமே என் மனைவி ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் செய்தாள். ஒரே ஒரு போன்தான். கட்டில் காலியாக இருக்கிறது, இப்போதே கூட்டிவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பலத்த ரகளையை எதிர்பார்த்து நான் மறுநாள் காலையிலேயே போய் நின்றேன். யாரோ ஒரு பணிப்பெண் ஊட்டிக்கொண்டிருந்தாள், அப்பா வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு கிண்ணம். விசிலைக் கேட்டு வாங்கி மேசை டிராயரில் வைத்துவிட்டார்களாம், ஒன்றும் சொல்லவில்லையாம். இப்போது கன்னமெல்லாம் சதை போட்டிருக்கிறது. அக்காவைப் பற்றி ஒரு தடவை கேட்டார், சொன்னோம், சரி என்றார்.

அங்கே மேற்பார்வை பார்க்கும் அம்மாள் முதல் நாள் என்னிடம் கேட்டார். "இவ்வளவு சாதுவான மனுஷரை ஏங்க இத்தனை வருஷம் வீட்டுலயே வச்சுக் கஷ்டப்பட்டீங்க? முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா அந்தம்மாவும் கொஞ்சம் உடம்பைப் பாத்துக்கிட்டிருப்பாங்களே."

"நாங்க எவ்வளவோ சொல்லிப் பாத்தோங்க" என்றேன். "எங்க அக்காதான் விடல."

வீட்டுக்கு வந்தபின் அதை யோசித்துப் பார்த்தேன், முழுக்கப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவளும் அன்றைக்கு இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம்.